100 கிராம் கொத்தமல்லியை யார் சாப்பிடுகிறார்கள்? சத்து ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்து ஒப்பீடு எழுதப் பழகுகிறவர்களின் வரைவுகள் என்னிடம் சரிபார்க்க வந்துகொண்டே இருக்கின்றன. கொத்தமல்லியா பாலக் கீரையா, பார்ஸ்லியா (கொத்தமல்லி போலவே தூவுகிற மேல்நாட்டுத் தழை) கேரட்டா, எதில் சத்து அதிகம் என்கிற ரகம். எண்ணைத் தப்பாகப் பார்த்து எழுதுவது, தசமப் புள்ளியை இடம் மாற்றி வைப்பது எல்லாவற்றையும் இங்கே விட்டுவிடுகிறேன், இன்னொரு தடவை படித்தால் அவை தானே கண்ணில் படும். எத்தனை தடவை படித்தாலும் கண்ணில் படாத தவறுகள் வேறே இருக்கின்றன: எல்லா எண்ணும் சரியாக இருக்கும், முடிவு மட்டும் கோணலாக இருக்கும். அவற்றைப் பற்றித்தான் பேச வேண்டும். கீழே வரும் அளவுகள் அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுத்தளத்தில் 100 கிராமுக்குக் கொடுத்திருப்பவை. வேறு அட்டவணைகளைப் பார்த்தால் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

காய்ந்ததையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களுக்காக ஒரு கையேடு தயாரானது. அதில் பாலக் கீரையை எடுத்துவிட்டு, "இதைவிட 15 மடங்கு இரும்பு" என்று சொல்லி உலர்ந்த கொத்தமல்லித்தழையைப் போட்டிருந்தார்கள், அளவு ஒரு தேக்கரண்டி. என் கைக்கு வந்தபோது அச்சடித்தே முடித்துவிட்டார்கள். தயாரித்தவரைக் கேட்டால், "அட்டவணையில் அப்படித்தானே இருக்கிறது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. உலர்ந்த கொத்தமல்லித்தழையில் 42.5 மில்லிகிராம் இரும்பு, பச்சைப் பாலக்கில் 2.7. வகுத்துப் பார்த்தால் 15 மடங்குக்கு மேலேயே வருகிறது.

ஆனால் பாலக்கில் 91 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், காய்ந்த தழையில் 7 சதவீதம்தான். திராட்சைக்கும் உலர்திராட்சைக்கும் பந்தயம் வைத்துவிட்டு உலர்திராட்சை ஜெயித்தது என்று ஆச்சரியப்படுகிற கதைதான் இது. தண்ணீரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதெல்லாம் நெருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அதே பாலக்கை அதே அளவுக்குக் காய வைத்தால் அதிலும் கிட்டத்தட்ட 29 மில்லிகிராம் இரும்பு வரும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 15 மடங்கு என்றது ஒன்றரை மடங்காக இளைத்துப்போனது.

அந்த ஒன்றரை மடங்கையும் நான் நம்பவில்லை. பச்சைக் கொத்தமல்லித்தழையில் இரும்பு 1.8 மில்லிகிராம். தண்ணீர் போனதற்குக் கணக்குப் போட்டால் காய்ந்ததில் சத்துகள் சுமார் 12 மடங்கு ஆகலாம், அதாவது இரும்பு 21 மில்லிகிராம் அளவில் நிற்க வேண்டும். அட்டவணையில் இருப்பதோ அதைப்போல இரண்டு மடங்கு. வைட்டமின் சி இன்னும் வேடிக்கை: பச்சையில் 27 மில்லிகிராம், காய்ந்ததில் 567. காய வைத்தால் குறைகிற வைட்டமின் 21 மடங்கு ஏறியிருக்கிறது! அதே வரிசையில் வைட்டமின் ஏ-யைப் பாருங்கள், பச்சையில் இருந்ததைவிடக் காய்ந்ததில் குறைவு. அளந்த தழை வேறு, விளைந்த மண் வேறு, அளந்த காலமும் முறையும் வேறாக இருக்கலாம். பச்சைத் தழை ஒரு வரிசை, காய்ந்த தழை இன்னொரு வரிசை. ஒரே செடியின் முன்னும் பின்னும் என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் படிக்கக் கூடாது.

இப்போது அந்தத் தேக்கரண்டிக்கு வருவோம். நொறுங்கிய காய்ந்த தழை ஒரு தேக்கரண்டிக்கு 0.6 கிராம்தான் இருக்கும். அட்டவணையை அப்படியே நம்பினாலும் கிடைப்பது 0.25 மில்லிகிராம் இரும்பு. தள்ளிவைத்த 100 கிராம் பாலக்கில் 2.7 இருந்தது. அதாவது சத்தை 15 மடங்கு கூட்டுகிறேன் என்று சொல்லிப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். படிப்பவர் ஏற்கெனவே ரத்தசோகையில் இருப்பவர் என்பதுதான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. அவ்வளவு பிரதிகளையும் ஒதுக்கிவிட்டு மறுபடி அச்சடித்தார்கள். அந்தச் செலவைவிட, யாராவது மாதக்கணக்கில் அதைப் பின்பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் யோசித்தேன்.

சரியாக வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? பச்சைக்குப் பச்சை வைத்துப் பாருங்கள். கொத்தமல்லித்தழை 23 கலோரி, பாலக்கும் 23. வைட்டமின் சி 27-க்கு 28. இரும்பு 1.8-க்கு 2.7. வைட்டமின் கே 310 மைக்ரோகிராமுக்கு 483. மூலிகை என்று தனிக் கட்சியில் நிறுத்தினோமே, அது ஏறக்குறைய இன்னொரு கீரை. இரண்டுக்கும் நடுவில் உண்மையான வித்தியாசம் தட்டில் எவ்வளவு விழுகிறது என்பதில்தான் இருக்கிறது.

100 கிராமை அப்படியே நம்புவது

பார்ஸ்லியில் 133 மில்லிகிராம் வைட்டமின் சி, ஆரஞ்சில் 53. இதை எழுதாதவர்களே இல்லை. இரண்டு மேசைக்கரண்டி நறுக்கிய பார்ஸ்லி 8 கிராம்கூட வராது, அதில் இருப்பது 10 மில்லிகிராம். ஒரு ஆரஞ்சை உரித்தால் முழுசாகச் சாப்பிட்டுவிடுவோம். 100 கிராம் அளவு என்பது ஆய்வுக்கூடத்தின் வசதிக்கு. ஒப்பீடு எழுதும்போது, ஒருவர் ஒரு வேளைக்கு எவ்வளவு எடுப்பார் என்று தராசில் வைத்துப் பார்த்துவிட்டு அதற்குக் கணக்குப் போடுங்கள், கண்ணளவு வேண்டாம். தழை கைநிறையத் தெரியும், எடை இருக்காது.

அதனால் மூலிகையே வீண் என்று முடிப்பது

மேலே உள்ளதைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்து விழுகிற பள்ளம் இது. "சிட்டிகை அளவுதானே, அதில் என்ன இருக்கப்போகிறது" என்று கையை உதறிவிடுகிறார்கள். வைட்டமின் கே-யில் இந்த வாதம் நிற்காது. பார்ஸ்லியில் 1640 மைக்ரோகிராம் இருக்கிறது, ஆகவே அதே இரண்டு மேசைக்கரண்டியில் சுமார் 125. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமானது என்று அமெரிக்காவில் வைத்திருக்கும் அளவு பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 120. மேலே தூவுகிற தழையிலேயே ஒரு நாள் கணக்கு முடிந்துபோகிறது. வார்ஃபரின் என்கிற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. அவர்கள் வைட்டமின் கே எடுக்கும் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கக் கூடாது. அவர்களுக்காக எழுதும் பட்டியலில் தழையை 'அலங்காரம்' என்று கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள், திடீரென்று கூட்டவும் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது

வைட்டமின் ஏ-யில்தான் இந்த வம்பு. கொத்தமல்லித்தழை 6748, கேரட் 835, எனவே கொத்தமல்லியில் எட்டு மடங்கு என்று ஒரு வரைவு வந்தது. முதல் எண் சர்வதேச அலகில் இருக்கிறது, இரண்டாவது எண் மைக்ரோகிராமில், அதுவும் உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் அளவை வைத்துப் போட்ட மைக்ரோகிராம். தாவரங்களில் இருக்கும் பீட்டா கரோட்டினைப் பொறுத்தவரை, பழைய கணக்கில் 20 சர்வதேச அலகு என்றால் புதுக் கணக்கில் 1 மைக்ரோகிராம். இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்தால் கொத்தமல்லி 337, கேரட் 835. எட்டு மடங்கு ஜெயித்தது இரண்டரை மடங்கு தோற்றுவிட்டது. பழைய அட்டவணையிலிருந்து ஒன்று, புதியதிலிருந்து ஒன்று என்று எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

பச்சை, வேகவைத்தது

வெந்த பாலக்கில் 100 கிராமுக்கு வைட்டமின் சி 28-லிருந்து சுமார் 10 ஆக இறங்கிவிடுகிறது, இரும்பு 2.7-லிருந்து 3.6 ஆக ஏறுகிறது. இரும்பு எங்கிருந்தும் வந்து சேரவில்லை. கீரை சுருங்கியதால் அதே 100 கிராமுக்குள் கூடுதல் இலை நுழைந்துவிட்டது. மூலிகையைப் பச்சையாகத் தூவப்போகிறோம், காயைச் சமைக்கப்போகிறோம் என்றால் அந்தந்த நிலைக்கு உரிய வரிசையை எடுங்கள்.

இருப்பதெல்லாம் உடம்பில் சேரும் என்று நினைப்பது

பாலக்கில் கால்சியம் 99 மில்லிகிராம். கீரையிலேயே இருக்கும் ஆக்சலேட் என்கிற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடம்பு எடுத்துக்கொள்வது சுமார் 5 சதவீதம், பாலில் என்றால் சுமார் 30. கரோட்டின் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். செடியில் இருக்கும் இரும்புக்கு வைட்டமின் சி துணைக்கு இருந்தால் நல்லது. அட்டவணை இது எதையும் சொல்லாது. எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

கலோரிக்கு எவ்வளவு சத்து என்கிற தரவரிசை

2014-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, கலோரியை அடிப்படையாக வைத்து 47 காய்கனிகளுக்கு மதிப்பெண் போட்டது. வாட்டர்கிரெஸ் என்கிற நீர்க்கீரை வகை 100, பாலக் 86.43, பார்ஸ்லி 65.59. நல்ல ஆய்வு, ஆனால் கலோரி மிகக் குறைந்த இலைகள் அதில் மேலே வருவது இயல்பு. அதை 'உலகிலேயே ஆரோக்கியமான உணவு' என்று தலைப்பிட்டால் நான் அடித்துவிடுவேன் (தலைப்பைச் சொன்னேன்).

ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண்

உணவின் ஆன்டிஆக்சிடன்ட் திறனுக்கு ஆய்வுக்கூடத்தில் போடும் 'ஓராக்' எண்களைத் தொகுத்து வைத்திருந்த அதே அமெரிக்க வேளாண் துறை 2012-ல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. நீங்களும் எடுத்துவிடுங்கள்.

காலிக் கட்டம்

அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். பூஜ்யம் போடாதீர்கள்.