முகத்தில் எழுதிய கவிதை: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடல் முழுவதும் மூடும் கறுப்புச் சாதர் அங்கி அணிந்த ஒரு பெண். முகத்தை நேர்பாதியாகப் பிளப்பதுபோல் நிற்கும் துப்பாக்கிக் குழல். நெற்றி முதல் தாடை வரை பாரசீக எழுத்து. ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கலைஞர் ஷிரின் நெஷாத்தின் 'ரெபெல்லியஸ் சைலன்ஸ்' (1994) என்ற புகைப்படம் இது. இதைப் பார்த்ததும் "குர்ஆன் வசனம்" என்று முடிவுகட்டிவிடுவதுதான் முதல் தவறு. 1993 முதல் 1997 வரை அவர் உருவாக்கிய 'விமன் ஆஃப் அல்லா' வரிசைப் படங்களில் இருப்பவை பெரும்பாலும் ஈரானியப் பெண்கள் எழுதிய கவிதைகளும் பிற எழுத்துகளும். தெரியாத லிபி என்றால் ஒன்று வேதம், இல்லையென்றால் அலங்காரம் என்று நினைக்கும் பழக்கத்தை விட வேண்டும். குறுந்தொகைப் பாடல் ஒன்றை யாராவது அழகான வளைவுகள் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனால் நமக்கு எப்படி இருக்கும்?

கவிதை என்று தெரிந்த பிறகு செய்யும் தவறு இன்னும் பெரியது. "ஒடுக்கப்பட்ட பெண்ணின் குமுறல்" என்று நாமே ஒரு பொருளை ஏற்றிவிடுகிறோம். அந்த முகத்தில் இருப்பது ஈரானியப் பெண் கவிஞர் தாஹிரே சஃபார்சாதேவின் கவிதை. உயிர்த்தியாகம் செய்தவர்களின் உறுதியையும் வீரத்தையும் போற்றும் வரிகள் அவை. அதே வரிசையில் 'ஆஃபர்டு ஐஸ்' (1993) படத்தில் கண்ணுக்குள் எழுதப்பட்டிருப்பதோ இன்னோர் ஈரானியப் பெண் கவிஞரான ஃபொரூக் ஃபரோக்சாதின் கவிதை. 1967இல் 32 வயதில் சாலை விபத்தில் இறந்தவர் ஃபொரூக். வீட்டுத் தோட்டம் வாடிச் சாகிறது, யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை என்று வருந்தும் கவிதை அது. ஒருவர் ஈரானின் இஸ்லாமியப் புரட்சியின் பக்கம் நின்றவர், மற்றவர் எந்த வேலிக்கும் அடங்காதவர். இருவரையும் நெஷாத் ஒரே வரிசையில் வைத்தார். யாருடைய வரி என்று கேட்காமல் நகர்ந்தால், படத்தின் பொருளையே தலைகீழாக எடுத்துக்கொண்டு வீடு திரும்புவோம். சுவரில் ஒட்டிய குறிப்பில் கவிஞரின் பெயர் இல்லையென்றால் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

மை தோலின்மேல் இல்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அச்சிட்ட புகைப்படத்தின்மேல் கையால் எழுதியது அது. கலப்பு ஊடகம் என்ற சொல்லுக்கு இங்கே உயிர் வருவது அந்த இடத்தில்தான்: கேமரா எடுத்த முகம் ஓர் அடுக்கு, கை எழுதிய வரி இன்னோர் அடுக்கு.

கவிதைக்கும் படைப்புக்கும் வரிக்கு வரி பொருத்தம் தேடுவது அடுத்த தவறு. 1946இல் கராச்சியில் பிறந்து, பிரிவினையால் இந்தியா வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் கலைஞர் நளினி மலானி. பாகிஸ்தான் கவிஞர் ஃபைஸ் அஹமது ஃபைஸின் உருதுக் கவிதையிலிருந்து தலைப்பை எடுத்து, 'இன் சர்ச் ஆஃப் வேனிஷ்டு பிளட்' என்ற படைப்பை 2012இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாகுமென்டா கண்காட்சியில் வைத்தார். கையிலும் இல்லை, கத்தியிலும் இல்லை, சிந்திய இரத்தத்தின் சுவடே எங்கும் இல்லை என்கிறது ஃபைஸின் கவிதை. அந்தக் கத்தியை மலானியின் படைப்பில் தேடாதீர்கள். ஓவியம் தீட்டிய ஒளிபுகும் உருளைகள் சுழல்கின்றன, ஒளி பாய்கிறது, நிழல்கள் சுவரில் தோன்றித் தோன்றி மறைகின்றன. சுவடு நிற்காமல் போவதை அவர் அப்படித்தான் காட்டுகிறார். அரை நிமிடம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்புபவருக்கு இது கிட்டவே கிட்டாது.

செல்பேசியை உள்ளே வைக்க வேண்டிய இன்னோர் இடம் இந்தியக் கலைஞர் ஷில்பா குப்தாவின் 'ஃபார், இன் யுவர் டங், ஐ கேனாட் ஃபிட்' என்ற ஒலிப் படைப்பு. 2018இல் தொடங்கிய கொச்சி பினாலே கலைக் கண்காட்சியிலும் அடுத்த ஆண்டு வெனிஸ் பினாலேயிலும் இது இடம்பெற்றது. எழுதியதற்காகவோ கொண்ட கொள்கைக்காகவோ சிறைப்பட்ட, கொல்லப்பட்ட 100 கவிஞர்களுக்காக இருட்டறையில் 100 ஒலிவாங்கிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு கூரிய கம்பி. அதில் குத்தப்பட்ட ஒரு தாள். தாளில் ஒரு கவிதை வரி. பேச்சை வாங்க வேண்டிய கருவிகள் இங்கே பேசுகின்றன. ஒன்று ஒரு வரியைச் சொல்ல, மற்றவை கூடிச் சொல்கின்றன. வாசலில் நின்று பார்த்தால் கம்பிக் காடாகத்தான் தெரியும். வரிசைகளுக்கு நடுவே நடந்து, ஏதாவது ஒரு தாளின் முன் குனிந்து வாசியுங்கள். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் முதுகுக்குப் பின்னால் வேறொரு மொழியில் வேறொருவர் வரி எழும்.