பழைய கல்வீதிக் கட்டுரையின் பதிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி

கண்டி, ஹட்டன் பக்கத்துப் பழைய அலமாரிகளில் வீதி போடுவது பற்றிய ஆங்கிலக் கட்டுரை அகப்பட்டால், அட்டையில் உள்ள ஆண்டை எழுதிய ஆண்டென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரித்தானிய இராணுவ அதிகாரி தோமஸ் ஸ்கின்னர் இங்கே, இலங்கையில், வீதி வேலையில் இறங்கியது 1820களில். அவருடைய நினைவுக் குறிப்புகள் நூலானதோ 1891இல், அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து.

பிரித்தானிய வீதிப் பொறியியலாளர் ஜோன் லவுடன் மக்காடமின் கட்டுரையிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1811இல் நாடாளுமன்றக் குழுவுக்குக் கொடுத்த கருத்துகள், 1816இல் நூல், 1827இல் ஒன்பதாம் பதிப்பு என்று அது வளர்ந்துகொண்டே போனது.

மலைநாட்டு ஈரத்தில் தாள்கள் ஒட்டியிருக்கும். இழுத்துப் பிரித்தால் எழுத்து மறுதாளோடு போய்விடும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தாள் சுருளும். காற்றோட்டமான நிழலில் சில நாள் வைத்துவிட்டுத் திறவுங்கள். பிறகு தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், முன்னுரையின் அடியிலுள்ள திகதி, கடைசிப் பக்கத்து அச்சகப் பெயர் நான்கையும் படமெடுங்கள். போட்டோப் பிரதிகளில் பின்புறம்தான் பெரும்பாலும் விடுபடும். நடுவில் பக்க எண் மறுபடி 1இல் தொடங்கினால், யாரோ சில சிறுநூல்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். முதுகில் பொறித்த ஆண்டு கட்டியவருடையது.

அடுத்தது உள்ளே இருக்கும் அளவுகள். எனக்குப் பிடித்த சோதனை இதுதான். மக்காடம் பெயரில் இரண்டு விதிகள் சுற்றுகின்றன: வீதியில் போடும் உடைகல் 6 அவுன்சைத் தாண்டக்கூடாது, எந்தப் பக்கமும் 1 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. 6 அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 170 கிராம். கருங்கல்லில் அது 4 சென்ரிமீற்றர் கனசதுரம். 1 அங்குலக் கனசதுரமோ 45 கிராம்கூட வராது. கடைத் தராசில் இரண்டையும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். ஆகவே உங்கள் பிரதியில் எந்த விதி, எந்தப் பக்கத்தில் என்று குறியுங்கள். வேறு பதிப்போடு ஒப்பிடும்போது, எந்தப் பகுதி பின்னால் சேர்ந்தது என்பதற்கு அது நல்ல தடயம்.

மக்காடம் இறந்தது 1836இல். நீராவி உருளை வீதிக்கு வந்தது 1860களில். தார் கலந்த கல்லான தார்மக்குக்கு எட்கர் ஹூலி காப்புரிமை எடுத்தது 1902இல். இவற்றைப் பேசும் பத்தி அவருடையதல்ல. இன்று நாம் தார் ரோட்டையும் மக்காடம் என்று சொல்வதால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.