ஃபியூம் ஹூட் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலை லேபுகளில் ஃபியூம் ஹூட்டை, அதாவது நச்சு வாயுவை இழுத்து வெளியே தள்ளும், முன்னால் கண்ணாடிக் கதவு வைத்த பெட்டியை, சோதிக்கப் போகும்போது புதிதாகச் சேர்ந்தவர்களையும் கூட்டிப் போவேன். கண்ணாடிக் கதவை இறக்கி வை, தலையை உள்ளே விடாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாதவை வேறு.

அறை ஃபேனை அணைத்துவிட்டு அளப்பது

சோதனைக்கு ஆள் வந்தாலே லேபுக்குத் தனி மரியாதை வந்துவிடும். ஃபேனை அணைப்பார்கள், கதவைச் சாத்துவார்கள், ஹூட்டுக்குள் அடைந்து கிடக்கும் பாட்டில்களை எடுத்து மேசைக்கடியில் தள்ளுவார்கள். காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர், ஹூட்டின் திறப்பில் விநாடிக்கு 0.5 மீட்டர் காட்டும். பொதுவாக 0.4 முதல் 0.6 வரை இருக்கலாம் என்பதால் நம் பிள்ளையும் ‘பாஸ்’ ஸ்டிக்கர் ஒட்டிவிடுவான். நாம் படியிறங்குவதற்குள் ஃபேன் சுற்றும். வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் யார் நிற்பது?

இப்படி ‘பாஸ்’ ஆன ஹூட் ஒன்றில் அமில நெடி என்று புகார். இழுவை போதாது என்று பெரிய மோட்டார் வாங்கி மாட்டினார்கள். வேகம் 0.8 ஆனது, நெடி மட்டும் போகவில்லை. போய்ப் பார்த்தால் பக்கவாட்டில் பெடஸ்டல் ஃபேன். அது ஓடும்போதே கண்ணாடிக்குச் சற்று உள்ளே புகை விட்டோம். இடது மூலையில் புகை சுருண்டு, நிற்பவர் மார்புக்கு நேராக வெளியே வந்தது. ஃபேனை அணைத்ததும் ஒழுங்காகப் பின்பக்கத் தடுப்பின் இடைவெளிக்குள் போய்விட்டது. மோட்டார் காசு தண்டம்! இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

ஒரு ஆள் வேகமாகக் குறுக்கே நடந்தாலே விநாடிக்கு 1 மீட்டருக்கு மேல். அரை மீட்டர் இழுவை அதற்கே தடுமாறும், ஃபேன் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். இழுவையைக் கூட்டினால், முன்னால் நிற்பவரின் உடம்பருகே சுழல் உண்டாகி வாயு அவர் பக்கமே திரும்பும். அமெரிக்காவின் ஆஷ்ரே 110 சோதனை முறை, பயன்பாட்டில் உள்ளபடியே சோதிப்பதைத் தனி வகையாக வைத்திருப்பது சும்மா இல்லை. முதலில் இருப்பது இருந்தபடி அளக்கவும். காலி செய்து அளப்பது அப்புறம்.

நடுவில் மட்டும் அளப்பது

திறப்பைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் அளக்கவும். சராசரி 0.5 வந்து ஒரு மூலை 0.2 என்றால், கசிவு அங்கேதான்.

“டிஷ்யூ பேப்பர் ஆடுகிறதே சார்”

ஹூட்டின் திறப்பில் டிஷ்யூ துண்டைத் தொங்கவிட்டு, அது ஆடுவதையே சோதனை என்பார்கள். ஆடும். காற்று ஓடுகிறது, அவ்வளவுதான்.

பெர்குளோரிக் அமிலம்

தோலில் குரோமியம் எவ்வளவு என்று பார்க்கச் சாதாரண ஹூட்டில் இதைக் காய்ச்சினால், டக்டில் (வாயு வெளியேறும் குழாயில்) படியும் பெர்குளோரேட் வெடிக்கக்கூடியது. டக்டைத் தண்ணீர் விட்டுக் கழுவும் தனி ஹூட் வேண்டும். அது இல்லாத இடத்தில் வேகத்தை அளக்கவே வேண்டாம், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியன் வந்துபோன பிறகு

த்ரீ ஃபேஸ் வயர் மாறியிருந்தால், ஹூட்டின் காற்றை இழுக்கும் ப்ளோயர் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் கொஞ்சம் இழுக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மாடியேறி, ப்ளோயர் கூட்டின் மேலுள்ள அம்புக்குறியின் திசையில் அது சுற்றுகிறதா என்று பாருங்கள்.