நிலவைத் துரத்தாதீர்கள்: தம்பலகாமம் குடாவில் இரவுத் துடுப்பு

போயா என்னும் முழுநிலவு நாள் விடுமுறை வந்தால், திருகோணமலையின் தம்பலகாமம் குடாவின் கரைக்குப் புதிய முகங்கள் வருகின்றன. கயாக்கை இறக்குகிறார்கள், நிலவைப் பார்க்கிறார்கள், அதே தவறுகளைச் செய்கிறார்கள். நீந்தத் தெரியாமல் ஏறாதே, தனியே போகாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தெரியாதவர் பகலிலும் தண்ணீரில் இறங்கக் கூடாது. தெரிந்தவர்களும் தவறும் இடங்களைத்தான் சொல்கிறேன்.

காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நிலவை நோக்கிப் போவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

வைகாசியில் தொடங்கி ஆவணி வரை இங்கே கச்சான் காலம். காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. பறுவத்து முழுநிலவோ சூரியன் விழும் நேரத்தை ஒட்டிக் கிழக்கே எழும்புகிறது. மேற்குக் கரையில் கயாக்கை இறக்குபவருக்கு முன்னால் நிலவு, பின்னால் காற்று. இரண்டும் ஒரே திசைக்குத்தான் அழைக்கின்றன. அந்தத் திசையில் இருப்பது கிண்ணியாப் பாலம். அதற்கு அப்பால் கொட்டியாரக் குடா. அதையும் தாண்டினால் திறந்த கடல்.

கரையில் நிற்கும்போது தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். கண்டல் மரங்கள் காற்றை மறிப்பதால் வரும் அமைதி அது. மரங்களின் மறைவைத் தாண்டியதும் காற்றுக்கு ஓட இடம் கிடைக்கிறது, அலை வளர்கிறது. ஆனால் காற்றோடு சேர்ந்து போகும்போது அது உடம்பில் உறைப்பதில்லை. கயாக் வேகமாகப் போகிறது, கை நோகவில்லை. தனக்குத் துடுப்பு நன்றாக வருகிறது என்றே புதியவர் நினைக்கிறார்.

கடந்த ஆடிப் பறுவத்தில் கொழும்பிலிருந்து வந்த சகோதரர் இருவரிடம் இதைக் கரையிலேயே சொன்னேன். “காற்றே இல்லையே அண்ணா” என்றார் இளையவர். நீரில் விழும் அந்த வெள்ளித் தடத்தின் மேலேயே கயாக்கின் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நிலவு உயர உயரத் தடம் குறுகிக் கயாக்கின் அருகே வந்துவிடும். அப்போதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். நிலவு முதுகுப் பக்கம் போனதும் முன்னால் மினுக்கம் இல்லை. கரை ஒரு கறுப்புக் கோடு. காற்று நேரே முகத்தில் அறைந்தது. நான்கு முறை வலித்துவிட்டு மூச்சு வாங்கினால், போன தூரம் முழுவதையும் காற்று திருப்பி எடுத்துக்கொள்ளும்.

பாலத்து விளக்குகள் பெரிதாகத் தெரியும் இடத்தில், வலை கட்டிய கம்பு ஒன்றைப் பிடித்தபடி இருந்தவர்களை மீன்பிடிக்கப் போன ஓர் ஐயா தன் இயந்திரப் படகில் இழுத்துக்கொண்டு வந்தார். மூத்தவரின் உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே, கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. ஐயா அவர்களை ஒரு சொல்லும் ஏசவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: “வலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் தம்பி. இனி விடியத்தான் எடுக்க வேண்டும்.” இவர்களுடைய ஒரு மணி நேர ஆசைக்கு அவருடைய ஓர் இரவு உழைப்புப் போயிற்று. என் கோபம் அங்கேதான்.

செய்ய வேண்டியது கடினமில்லை. இறங்குமுன் மரமறைவை விட்டு வெளியே வந்து, இரு காதிலும் ஒரே அளவு இரைச்சல் கேட்கும்வரை முகத்தைத் திருப்புங்கள். நீங்கள் நேராகப் பார்ப்பது காற்று வரும் திசை. உடம்பில் வலு இருக்கும்போதே அந்தப் பக்கம் போங்கள். களைத்தபின் காற்றே கொண்டுவந்து சேர்க்கும். நிலவு முதலில் முதுகில் இருக்கும். திரும்பி வரும்போது முகத்துக்கு நேரே வரும். மேற்குக் கரையைத் தவிர இறங்க வேறு இடம் இல்லையென்றால், கரையை ஒட்டியே வடக்கும் தெற்குமாகப் போய்வாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி, வந்த பக்கம் சிறிது வலித்துப் பாருங்கள். கனத்தால் அன்றைய எல்லை அதுதான்.

இன்னொன்று: நிலவைப் பார்த்துத் திசை பிடிக்காதீர்கள். அது அவ்வளவு தொலைவில் இருப்பதால், பக்கவாட்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டாலும் மூக்குக்கு நேரேதான் தெரியும். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு பொருள்களை, ஒரு விளக்கையும் அதற்குப் பின்னால் ஒரு பனையையும், ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். அவை விலகினால் நீங்கள் இழுபடுகிறீர்கள்.

போயா போனபின் சனிக்கிழமைக்கு வருவது

நிலவு நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி எழும்பும். இரண்டு நாள் தள்ளி வந்தால், பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக இருட்டில்தான். ஒரு நாள் முந்தி வாருங்கள். பொழுது சாயும்போதே நிலவு மேலே நிற்கும்.

தலையில் வெள்ளை விளக்கு

கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ஒரு கைத்தொலைபேசித் திரை போதும், அதைக் கெடுக்க. உங்களுடையதை மட்டுமல்ல, பக்கத்தில் வருபவருடையதையும். வேண்டுமானால் மங்கலான சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெள்ளை டோர்ச் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவே வேண்டும். துடுப்புப் படகு மோதலைத் தவிர்க்கும்படி உரிய நேரத்தில் வெள்ளை ஒளி காட்ட வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதி. இயந்திரச் சத்தம் நெருங்கும்போது அதை அடியுங்கள். மற்றவர் முகத்தில் அல்ல.

உயிர்காப்பு அங்கியைக் கழற்றி மடியில் வைப்பது

2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் ஆட்களை அக்கரை சேர்க்கும் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த இடம் இது. கழற்றாதீர்கள்.

வெறுங்கால்

அடியில் சேறு, சேற்றில் சிப்பி.

கடற்படை, விமானப்படைப் பக்கம்

தலைவைத்தும் படுக்காதீர்கள்.

வலைக்குக் கத்தி எடுப்பது

தங்கூசி என்னும் நைலோன் இழை வலை நிலவொளியில் தெரியாது. ரெஜிபோம் மிதவைகள் தெரியும். இரண்டு மிதவைகளுக்கு நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். மாட்டிக்கொண்டால் முன்னோக்கி வலிக்காதீர்கள், இறுகும். சுக்கான் இருந்தால் தூக்கிவிட்டு, வந்த வழியே மெதுவாகப் பின்னோக்கி வலித்தால் பெரும்பாலும் விட்டுவிடும். அறுத்தால் அறுபடுவது ஒருவருடைய பிழைப்பு. மாலையில் கரையில் வலை ஏற்றிக்கொண்டிருப்பவர்களிடம் இன்று எந்தப் பக்கம் போடுகிறீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.