பாவித்த சின்ன பெற்றோல் எஸ்.யூ.வி வாங்கப் போகிறீர்களா? தண்ணீர் பட்ட இடங்களை முதலில் பாருங்கள்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்குள் வளைத்து எடுக்கவும் வேண்டும், மாரியில் ஒழுங்கை முழுக்கத் தண்ணி நிற்கும்போது அடி தட்டாமல் வரவும் வேண்டும், அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு ஏ9 இல் கொழும்பு போய்வரவும் வேண்டும். இந்த மூன்றுக்கும் சின்ன பெற்றோல் எஸ்.யூ.வி நல்ல தெரிவுதான். முதல் தடவை பாவித்த வாகனம் வாங்குகிறவர்கள் பெயின்ற் மினுக்கத்தையும் மீற்றரையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் ஓடிய வாகனத்தில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: தண்ணீர் இதை என்ன செய்து வைத்திருக்கிறது?

படி 1: எது வேண்டும் என்று வீட்டிலேயே முடிவெடுங்கள்

2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களுக்கே விலை ஏறியது. அதனால் விலை கூடியது நல்ல வாகனம் என்று நினைக்காதீர்கள்.

டொயோட்டா ரைஸ் 996 சி.சி, மூன்று சிலிண்டர், டேர்போ (காற்றை அழுத்தி அனுப்பி எஞ்சினின் பலத்தைக் கூட்டும் பாகம்). வாகனம் நிற்க எஞ்சின் ஓடும்போது லேசாக அதிரும், அது அதன் இயல்பு. ஒயில் மாற்றாமல் ஓடியிருந்தால் டேர்போதான் முதலில் அடிவாங்கும், ஆகவே சேர்விஸ் பதிவு இல்லாத ரைஸைத் தொடாதீர்கள். 2006 க்குப் பின் வந்த 1495 சி.சி டைஹற்சு ரெரியோஸில் டேர்போ இல்லை, எஞ்சினுக்குள் இயக்கத்தை நேரப்படுத்த ரைமிங் பெல்ற்றும் இல்லை, செயின். பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆனால் சாதாரண கராஜிலேயே வேலை முடியும். முதல் வாகனம் வாங்குகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஹொண்டா வெசலைக் கேட்டால் எங்கள் நாட்டில் பெரும்பாலும் ஹைபிரிட்தான் கிடைக்கும். அதற்கு ஹைபிரிட் பற்றரியைத் தனியாகச் சோதிக்க வேண்டும், அது வேறு கணக்கு.

படி 2: காலையில், எஞ்சின் சூடாகும் முன் போங்கள்

வருகிறேன் என்று சொல்லும்போதே "அண்ணை, நான் வரும்வரைக்கும் ஸ்ராட் பண்ணாதேங்கோ" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பொனற்றில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் முதல் ஸ்ராட்டில் வரும் நீலப் புகையையும் செயின் சத்தத்தையும் காட்டிக்கொடுக்கும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது.

படி 3: ரேடியேற்றர்

ஸ்ராட் பண்ணுவதற்கு முன்னமே இதைச் செய்யுங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மூடியைத் திறந்து ரோச் அடித்து உள்ளே பாருங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பாக, துருத் தண்ணி மாதிரி இருந்தால், அல்லது வாய் ஓரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால், அதற்குள் கிணற்றுத் தண்ணி ஊற்றியிருக்கலாம். எங்கள் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளை, எஞ்சினுக்குள் இருக்கும் ஒடுக்கமான தண்ணீர்ப் பாதைகளிலும் படியும். பாதை அடைபட்டால் சூடு வெளியேறாது, எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளையும், அதன் அடியில் உள்ள கஸ்கெற் போகும். சின்ன எஞ்சின் பெரிய உடம்பை இழுக்கிற வாகனத்தில் இது இன்னும் கெதியாக நடக்கும்.

பிறகு ஒயில் மூடியைத் திறந்து அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். பால் கலந்த கோப்பி நிறத்தில் பசை இருந்தால் தண்ணி ஒயிலுக்குள் போயிருக்கலாம். மெக்கானிக் பார்த்துக் காரணம் சொல்லும்வரை விலை பேச வேண்டாம்.

படி 4: அடியில் குனிந்து பாருங்கள்

கடலுக்குள்ளால் போகும் பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தினமும் தீவுப்பக்கம் போய்வந்த வாகனத்துக்கும், கோண்டாவிலில் கூரைக்குக் கீழே நின்ற வாகனத்துக்கும் மேலே வித்தியாசம் தெரியாது, உப்புத் தண்ணியின் துரு அடியில்தான் தெரியும். பாய் ஒன்றை விரித்து, போன் வெளிச்சத்தோடு கீழே படுத்துப் பாருங்கள். கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, பின் சில்லுக்கு மேலுள்ள வளைவு, பிறேக் பைப், சைலன்சர் பொருத்து. மேலோட்டமான துரு பரவாயில்லை. விரலால் தட்டும்போது பொருக்காக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். அடி முழுக்கப் புதிதாகக் கறுப்பு பெயின்ற் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வாகனம் இன்னும் ஆபத்து. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாடு முழுக்க வாகனங்கள் மூழ்கின. சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. டிக்கியில் ஸ்பெயர் ரயர் இருக்கும் குழியையும், சீற்றுக்குக் கீழே உள்ள ஆணிகளையும் பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

படி 5: "கனடாக்காரரின் வாகனம், ஓடவே இல்லை"

இதை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். வருசத்தில் ஒரு மாதம் திருவிழாவுக்கு வந்து ஓடிவிட்டு நிறுத்திப்போன வாகனம். மீற்றர் குறைவாக இருக்கும், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நின்ற வாகனத்துக்கும் வயது போகும். ரயர் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருசம். 2318 என்றால் 2018 இன் 23 ஆவது கிழமை. ரயர் பூ (மேல் வரிகள்) நன்றாக இருந்தாலும் அந்த ரயரோடு கொழும்பு போகக் கூடாது. எலி கடித்த வயர், செத்த பற்றரி, பழுதான பெற்றோல் எல்லாம் பாருங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே கார் ஓட்டிய ஊர் இது. அந்தக் கார்புரேற்றர் எஞ்சின்கள் அதைத் தாங்கின. பெற்றோலைத் தெளிக்கும் இன்றைய இன்ஜெக்ரர் பழுதான பெற்றோலைத் தாங்காது.

ஜப்பானிலிருந்து பாவித்து வந்ததென்றால் அங்கே ஏலத்தில் வாகனத்தின் நிலையை எழுதிய ஏலத் தாளைக் கேளுங்கள். சசி (வாகனத்தின் அடிச்சட்டக) இலக்கத்தை வைத்து அதைச் சரிபார்க்கலாம். அதில் ஆர் என்று தரம் இருந்தால் விபத்துத் திருத்தம் நடந்த வாகனம்.

படி 6: ஓடிப் பாருங்கள்

எங்கள் பக்கம் ஏற்றமான றோட்டு இல்லை, எனவே எஞ்சினுக்குப் பாரம் கொடுக்க ஏசியை முழுதாகப் போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓடுங்கள். மெதுவாக எடுக்கும்போது கியர் உதறுகிறதா? முன்னுக்குப் போகும் டி யிலிருந்து பின்னுக்குப் போகும் ஆர் க்கு மாற்றும்போது இடைவெளி விட்டு "டக்" என்று விழுகிறதா? சி.வி.ரி (ஒருவகை ஓட்டோ) கியர்பொக்ஸ் திருத்துவது பெரிய செலவு. திரும்பி வந்து ஏசி ஓடியபடியே கால் மணித்தியாலம் நிறுத்திவையுங்கள். வெப்பநிலை ஏறாமல் நின்றால் ரேடியேற்றர் பற்றிய பயம் பாதி போகும்.

படி 7: புத்தகம்

சி.ஆர் (வாகனப் பதிவு) புத்தகத்தில் சசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். "அப்சலூட் ஓனர்" (முழு உரிமையாளர்) இடத்தில் லீசிங் கொம்பனி பெயர் இருந்தால், அது நீங்கும்வரை முழுக்காசும் கொடுக்காதீர்கள். உற்பத்தி வருசத்தைப் பாருங்கள், பதிவு வருசத்துக்கு விலை கொடுக்காதீர்கள். ஓப்பன் பேப்பரில் (பதிவு உரிமையாளர் கையெழுத்து வைத்து, வாங்குகிறவர் பெயரை வெறுமையாக விட்ட தாளில்) வாங்கவே வேண்டாம். கையெழுத்து வைத்தவர் லண்டனில் இருந்தால் பிறகு யாரைப் பிடிப்பீர்கள்? உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் விற்பவரிடம் அற்றோணித் தத்துவம் (அவருக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) இருக்கிறதா, அதில் வாகனத்தை விற்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

கடைசியாக உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஸ்கேன் பண்ணுங்கள். விற்பவர் காட்டும் கராஜ் வேண்டாம். வாங்கிய கிழமையே ஒயில், பில்ற்றர், கூலன்ற் மூன்றையும் மாற்றுங்கள். கூலன்ற்றைக் கலந்ததாகவே வாங்குங்கள், இல்லையென்றால் பற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணியில் கலவுங்கள். ரைஸும் ரெரியோஸும் 92 ஒக்ரேன் பெற்றோலில் ஒழுங்காக ஓடும், 95 க்கு மிச்சக் காசு கொடுக்கத் தேவையில்லை.