சவன்னாத் தாவரங்களின் மிகுதியையும் பண்புகளின் அருமையையும் ஒப்பிடும் முறை

மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளியான சவன்னாவில், குறைவாகக் காணப்படும் இனங்களின் பண்புகளும் அரியவையா என்பதே நம் கேள்வி. ஓர் இனம் எண்ணிக்கையில் குறைந்திருப்பதும் அதன் பண்புகள் அரியவையாக இருப்பதும் ஒன்றல்ல என்பதால், இரண்டையும் முதலில் தனித்தனியாக அளக்க வேண்டும். மிகுதியை அறிய, 1 மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டங்களைப் பல இடங்களில் வைத்து, ஒவ்வோர் இனமும் தரையில் எத்தனை விழுக்காட்டை மூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொத்தாக வளரும் புற்களில் தனிச்செடியைப் பிரித்தெண்ணுவது கடினம் என்பதால்தான் எண்ணாமல் பரப்பைக் குறிக்கிறோம்.

பண்புகளில் உயரமும், ஒரு கிராம் உலர்எடைக்கு எவ்வளவு இலைப்பரப்பு என்பதும் அடிப்படையானவை. பல புற்களின் இலை பறித்த சற்று நேரத்தில் ஊசிபோலச் சுருண்டுவிடும். ஆகவே ஈரத்தாளில் சுற்றி எடுத்துவந்து, கண்ணாடியின் கீழ் விரித்துப் பரப்பை அளந்தபின், 70 பாகை செல்சியசில் 72 மணி நேரம் உலர்த்தி எடைபோடுங்கள். தீயைத் தாங்க உதவும் பட்டைத் தடிமன் மரங்களுக்கே பொருந்துவதால், மரங்களையும் புற்களையும் வெவ்வேறாக ஆராய்வதே சரி என்பது என் கருத்து.

பிறகு எல்லா அளவுகளையும் சராசரி 0, திட்டவிலக்கம் 1 என்று சீராக்கி, ஓர் இனத்துக்கும் மற்ற ஒவ்வோர் இனத்துக்கும் உள்ள பண்புத் தொலைவுகளின், அதாவது அவற்றின் பண்பளவுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதன், சராசரியைக் காணுங்கள். அது பெரிதாக இருந்தால் அவ்வினத்தின் பண்புகள் அரியவை. இந்தச் சராசரியில் மிகுதியைக் கலக்காமல், இரண்டின்படியும் இனங்களை வரிசைப்படுத்தி, அவ்வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் தரவரிசை ஒட்டுறவின் மூலம் மிகுதியுடன் ஒப்பிடுங்கள். ஒரே சட்டத்தில் மட்டும் தென்பட்ட இனங்களை, தரவு குறைவு என்று எண்ணி நீக்கிவிடாதீர்கள். கேள்வியே அவற்றைப் பற்றியதுதான்.