பெயர் தெரியாத மிளகாய்ச் செடியா? முதலில் பூவைப் பாருங்கள்

விதைப் பரிமாற்றத்தில் கைக்கு வந்த பொட்டலத்தில் ‘குண்டு மிளகாய்’ என்று எழுதியிருந்தது. மாடித் தொட்டியில் வளர்ந்து பூத்ததும், எழுதியவர் மீது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பூக்கும்வரை எந்தப் பெயரும் வைக்காதீர்கள். காயின் வடிவம் நன்றாக ஏமாற்றும். சம்பா, குண்டு, பஜ்ஜி மிளகாய், குடைமிளகாய் நான்கும் கேப்சிகம் அன்னுவம் என்ற ஒரே இனம்தான்!

பூத்ததும் ஒரு கணுவில் எத்தனை பூ என்று எண்ணுங்கள். பெரும்பாலும் ஒற்றைப் பூ, வெள்ளை இதழ் என்றால் அன்னுவம். இதழின் அடியில் மஞ்சளோ பச்சையோ புள்ளி இருந்தால் பக்காட்டம் என்ற வேறு இனம். ஊதாப் பூ, ரோமம் அடர்ந்த இலை, கறுப்பு விதை மூன்றும் சேர்ந்தால் பியூபசென்ஸ் என்ற இனம். அது குளிர்ச்சியை விரும்பும் செடி. ஊதா நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். அழகுக்கு வளர்க்கும் அன்னுவம் சிலவற்றிலும் அந்த நிறம் உண்டு.

இதழில் வெளிர்பச்சை கலந்திருந்தால்தான் குழப்பம். காந்தாரி மிளகாயின் இனமான ஃப்ரூட்டெசென்ஸா, இன்னொரு இனமான சைனென்ஸா? காந்தாரியின் காம்பு விறைப்பாக நிற்கும், காயும் வானத்தைப் பார்க்கும். என் செடியிலோ கணுவுக்கு மூன்று பூக்கள், மூன்றும் தலைகவிழ்ந்து தொங்கின. பிஞ்சு விட்டதும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காம்பு பச்சைத் தொப்பியோடு சேரும் இடத்தில், நூலால் இறுக்கிக் கட்டியதுபோல ஒரு வளையம். சைனென்ஸின் அடையாளம் அதுதான். (சீனாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1776இல் பெயர் வைத்த தாவரவியலாளர் ஜாக்வின் ஊரைத் தவறாக நினைத்துவிட்டார். இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா.)

பழுத்த பிறகு கையுறை போட்டு நறுக்குங்கள். கடும் காரமான ஹபனேரோ மிளகாயும் சைனென்ஸ்தான், நாகாலாந்து, அசாம் பக்கத்துக் கொடும் கார மிளகாயான பூத் ஜொலோக்கியாவும் பெரும்பாலும் அந்த இனமே. ஆகவே துணிச்சல் வேண்டாம். விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் காரம் குவிந்திருக்கும். நுனியில் கடுகளவு கிள்ளி நாக்கில் வைத்தால் போதும். எனக்கு முதலில் பழ வாசனை வந்தது, பிறகு அரை மணி நேரம் மோர்தான் துணை.

இத்தனையும் பார்த்தாலும் தெரிவது இனம்தான், ரகம் அல்ல. விதை கொடுத்தவர் வீட்டுத் தேனீ பக்கத்துச் செடிக்கும் போய்வந்து மகரந்தத்தைக் கலந்திருக்கலாம். அதனால் என் பொட்டலத்தில் ‘சைனென்ஸ், சிவப்பு, தொங்கும் காய்’ என்று மட்டும் எழுதினேன். நீங்கள் விதை எடுப்பதானால் மொட்டு விரியும் முன்பே வலைப்பை போட்டு, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள்.